மடித்து வரைந்த மரம்

என் அண்ணி டைலர். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "நல்ல டைலர்" என்பார்கள். அண்ணியையே கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அடக்கம் என்பது அவருடைய அளவுக்குத் தைக்காத சட்டை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர் வாயை எதற்குப் பொத்திக்கொள்ள வேண்டும்?

நான் அவருக்கு நாத்தனார். அதாவது, குறை சொல்லும் உரிமை எனக்கு உறவு முறையிலேயே உண்டு. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து உட்காரவைப்பது, இதெல்லாம் கடையில் என் வேலை. அளவெடுப்பதும் வெட்டுவதும் அண்ணி மட்டும்தான். அவருடைய கத்தரியை நான் தொட்டால்கூடப் பிடிக்காது. ஒருநாள் அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டேன். அன்றைக்கு என் அண்ணன் குறுக்கே வந்து நிற்காவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

கடை ஒரே அறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஆள் உயரக் கண்ணாடி. பின்சுவர் மட்டும் கரும்பச்சை. வீட்டுக்காரர் எங்கேயோ மிஞ்சிய பெயிண்டை அடித்துவிட்டுப் போய்விட்டார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அண்ணி அதில் சாக்பீஸால் அளவுகளை எழுத ஆரம்பித்தார், சுவர் பிழைத்துக்கொண்டது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே தெரு, தெருவைத் தாண்டினால் பார்க்.

அண்ணிக்கு வேலையில் இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, துணியை மடிக்காமல் கத்தரியை எடுக்கமாட்டார். துணியை இரண்டாக மடிப்பார், பாதி உடம்பை வரைவார், வெட்டுவார். விரித்தால் முழு உடம்பும் வந்துவிடும். இடதுக்கும் வலதுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. இன்னொன்று, சட்டையைப் போட்டுப் பார்க்கிறவரின் முகத்தை அண்ணி பார்க்கவே மாட்டார், கையைத்தான் பார்ப்பார். "மூஞ்சி பொய் சொல்லும். கை சொல்லாது. போட்டவங்க கை சட்டையைத் தேடிப் போகாம இருந்தாத்தான் தையல் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்பார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டே "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்று சொன்னவர்களிடமிருந்து சட்டையைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டதும் உண்டு.

மரம் வரைகிற கதை கண் டாக்டரால் ஆரம்பித்தது. நாள் முழுக்கக் கிட்டத்திலேயே பார்த்தால் கண் கெட்டுவிடும், அவ்வப்போது வெளியே போய்த் தூரத்தில் பச்சையாக எதையாவது பாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணி பார்க்குக்குப் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"சும்மா பாத்துட்டு நிக்க முடியல. கை ஊறுது."

மறுநாள், வெட்டுவதற்கு முன் அளவு வரைந்து பார்க்கிற காக்கித் தாளில் ஒரு துண்டைக் கிழித்து, பலகையில் கிளிப் மாட்டி, பென்சிலோடு போனார். பார்க் வாசலில் தெருவோரமாக ஒரு பெரிய மரம். அதன் பெயர் எனக்குத் தெரியாது. காவல்காரரைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் சொல்வார். அண்ணிக்குப் பெயர் தேவைப்படவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அடிமரத்தைச் சுற்றி இடுப்பளவு எடுத்தார். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். நான் கடைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

சாயங்காலம் என் அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு வந்தபோது படம் மேசைமேல் இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"மரத்தைச் சுத்தி இன்னொரு கோடு போகுதே, அது என்ன?"

அண்ணி எட்டிப் பார்த்தார். கை பழக்கத்தில், வெளிக்கோட்டுக்கு அப்பால் விரற்கடை தள்ளி மரம் முழுவதையும் சுற்றி இன்னொரு கோடு போட்டிருந்தார்.

"தையலுக்குத் துணி விட்டிருக்கேன்" என்றார்.

அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பென்சிலைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த நாள் கூடக் கொஞ்சம் பெரிய தாளாக எடுத்துக்கொண்டு போனார்.

கற்றுக்கொள்ளவும் செய்தார், அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இலையை ஒவ்வொன்றாக வரைந்தால் ஆயுசுக்கும் முடியாது, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கருப்பு எங்கே வெளிச்சம் எங்கே என்று மட்டும் போட வேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். கிளைகளுக்கு நடுவில் வானம் தெரிகிற ஓட்டைகளை முதலில் வரைந்தால் கிளை தானாக வந்துவிடும் என்று ஒருநாள் கடைக்குள் ஓடிவந்து சொன்னார். அப்போது நான் வாயில் ஊசியோடு இருந்தேன், அதனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. காற்றில் இலை புரளும்போது அடிப்பக்கம் வெளுப்பாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு கரும்பச்சைச் சட்டைக்குக் காலரின் உள்பக்கம் மட்டும் வெளிர்ப்பச்சைத் துணி வைத்தார். அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு அதே மாதிரி கேட்டு ஆட்கள் வந்தார்கள். எனக்கு மரத்தால் கிடைத்ததெல்லாம் என் பைக்குள் எறும்பும், கடை வாசலில் பெருக்கப் பெருக்கத் தீராத சருகும்தான்.

ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. பார்க்குக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதோ அந்தப் பாதியை மட்டும் வரைவார். பிறகு தாளை நடுவில் மடித்து, துணியில் அடையாளம் போடுகிற பல்சக்கரத்தை மேலே ஓட்டி, மறுபாதியில் அச்சு இறக்கிக் கோட்டைப் போட்டுவிடுவார். விரித்தால் முழு மரம். கடைச் சுவர் நிறைய அப்படிப்பட்ட மரங்கள், ஒவ்வொன்றும் இஸ்திரி போட்ட மாதிரி. வருகிறவர்கள் "எவ்வளவு சுத்தமா இருக்கு" என்பார்கள். "சுத்தமாத்தான் இருக்கும்" என்பார் அண்ணி.

கணக்கு டீச்சர் வந்தது விடுமுறைக் காலத்தில். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். கையில் துணி, முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. இடது கை மட்டும் சும்மா இருக்கவில்லை. தன் சட்டையின் இடது ஓரத்தைக் கீழே இழுத்துவிடும், விட்டுவிடும், மறுபடி இழுத்துவிடும். அண்ணி வழக்கம்போல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஆபரேஷன் ஆச்சுக்கா. இடது மார்பை எடுத்துட்டாங்க. இப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன். சட்டைதான் நல்லா இல்ல."

"உள்ள வைக்க ஒண்ணு தருவாங்களே, டீச்சர்" என்றேன் நான்.

"தந்தாங்க. வேர்க்குது, அரிக்குது. போர்டுல எழுதக் கையைத் தூக்கினா இடம் மாறிப் போகுது. அது இப்ப அலமாரில நிம்மதியா தூங்குது" என்றார். "ரெண்டு கடைல தைச்சுப் பாத்துட்டேன். கையைத் தூக்கினா சட்டை ஏறுது, ஒரு பக்கமா இழுக்குது. ஒரு கை எழுத, ஒரு கை இழுக்க. புள்ளைங்க என் கையைத்தான் பாப்பாங்க, கணக்கை எங்க பாக்கறது? பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஒரு சட்டை சரியா அமையலேன்னா, ஆபீஸ்ல உக்கார்ற வேலை ஏதாவது குடுங்கன்னு கேட்டுடலாம்னு இருக்கேன். தர்றேன்னுதான் சொல்றாங்க."

"உங்களுக்கு அது பிடிக்குமா?"

"பிடிக்காது" என்றார் டீச்சர். "எனக்குப் போர்டுதான் பிடிக்கும்."

அண்ணி டேப்பை எடுத்தார். "நான் தைச்சா சரியா வரும்."

வரவில்லை. அண்ணி துணியை மடித்து வெட்டினார். இடது பக்கத்தில் அதிகமாக இருந்ததை உள்ளே பிடித்துத் தைத்து, பள்ளம் தெரியாமலிருக்க மெல்லிய பஞ்சு ஒரு அடுக்கு வைத்தார். டீச்சர் போட்டு நின்றபோது எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

"கையைத் தூக்குங்க" என்றார் அண்ணி.

தூக்கினார். பட்டன் பட்டி நடுவிலிருந்து விலகி ஒரு பக்கமாக ஓடியது, காலர் கழுத்தில் ஏறி நின்றது. இடது கை தானாகப் போய்ச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

டீச்சர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார்.

"இது பார்க் வாசல் மரமா?"

"ஆமா."

"அது கீழதான் தினம் பஸ்ஸுக்கு நிப்பேன். அதுக்குத் தெருப் பக்கம் கிளையே கிடையாதே. கரண்ட் கம்பில படுதுன்னு மொத்தத்தையும் வெட்டிட்டாங்களே."

அண்ணி திரும்பிப் படத்தைப் பார்த்தார். "பார்க் பக்கத்தை வரைஞ்சு மடிச்சுட்டேன். பாக்க நல்லா இருக்கட்டுமேன்னு."

"அப்ப அதுக்கும் பஞ்சு வச்சிட்டீங்க" என்றார் டீச்சர்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

"பரவால்லக்கா. இதையே குடுங்க. உக்கார்ற வேலைக்கு இது போதும்."

"இது கடையை விட்டுப் போகாது" என்றார் அண்ணி. "கழட்டிக் குடுங்க. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி நான் கூப்பிடறேன், வாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் போய் ஆபீஸ் வேலை கேக்காதீங்க."

டீச்சர் போனதும் அண்ணி சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினார். பலகையை எடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தெருவைத் தாண்டிப் போனார். அண்ணி பேசினால் சமாளித்துவிடலாம், பேசாமல் போனால்தான் எனக்குப் பயம். கடையைப் பூட்டிவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

நல்ல வெயில். மரத்தை அன்றுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். தெருப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு கிளை இல்லை. வெட்டிய இடங்கள் வட்ட வட்டமாக மூடி, விளிம்பு தடித்துப்போயிருந்தன. பார்க் பக்கம் கிளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாய்ந்து, கீழே நாலைந்து பெஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தன. இவ்வளவு நாள் அண்ணி பார்க் பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரி ஸ்டூலைப் போட்டிருந்தார். இன்றைக்கு இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நேர் எதிரில் போட்டார்.

பழக்கம் விடுமா? தாளைப் பலகையில் வைத்ததும் முதல் வேலையாக நடுக்கோடு போட்டார். ஒரு பக்கம் கிளைகள் தாளை விட்டு வெளியே ஓடின, இன்னொரு பக்கம் வெறும் தாள். திருப்பிப் போட்டார், மறுபடியும் நடுக்கோடு, மறுபடியும் அதே கதி. மூன்றாவது தடவை வேறு தாளில் கோடில்லாமல் வரைந்தார். கிளை, இலை, இருட்டு, வானத்து ஓட்டை எல்லாம் சரியாக வந்தன. ஆனால் மரம் பார்க் பக்கமாகச் சாய்ந்து தலைகுப்புற விழப்போகிற மாதிரி இருந்தது.

"விழுது பாரு" என்றார் அண்ணி.

"மரம் விழல அண்ணி. உங்க படம்தான் விழுது."

நாத்தனார் வாய், சும்மா இருக்காது. ஆனால் அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மரத்தையே பார்த்தார்.

"அப்ப அது ஏன் விழல?"

பையைத் துழாவி, மெஷினில் போடுகிற, நூல் சுற்றிய ஒரு பாபினை எடுத்தார். நூலை இரண்டு முழம் இழுத்துவிட்டு, பாபின் தொங்கும்படி கையை நீட்டிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலின் மேல்முனையை மரத்தின் உச்சிக்கு நேராக வைத்தார். காற்றில் ஆடிய பாபின் மெதுவாக நின்றது.

"வந்து பாரு."

நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எங்கள் இருவரையும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அடிமரம் தரையிலிருந்து புறப்படும்போதே தெருப் பக்கமாக வளைந்து, இடுப்பு உயரத்துக்கு மேல் மெதுவாகப் பார்க் பக்கம் திரும்பியிருந்தது. கிளை இல்லாத பக்கத்தில்தான் வேர் கை பருமனுக்குப் புடைத்துத் தரையை இறுக்கிப் பிடித்திருந்தது. உச்சியிலிருந்து இறங்கிய நூல் அடிமரத்தின் நடுவில் விழவில்லை. பார்க் பக்கமாக ஒதுங்கி, ஒரு வேரின் தோளில் விழுந்தது.

"இதுதான் இதோட நடு" என்றார் அண்ணி. "நான் வேற எங்கயோ கோடு போட்டுட்டு இருந்திருக்கேன்."

அந்த மரத்துக்குப் போன கிளைகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது இருப்பதை வைத்துக்கொண்டு தன் நடுவை நகர்த்திக்கொண்டுவிட்டது. இதை யோசித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு மரத்தைப் பார்த்து நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் வாயைத் தைத்துப் போட்டிருப்பேன்.

அண்ணி நூல் விழுந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு அங்கிருந்து வரைந்தார். தெருப் பக்கத்து வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார், வெட்டு வட்டங்களையும் போட்டார். சுவரில் இருந்த மற்ற மரங்கள் அளவுக்கு அது அழகில்லை. ஆனால் நின்றது. அண்ணி வரைந்த மரங்களில் தரையில் நின்ற முதல் மரம் அதுதான்.

டீச்சரைக் கூப்பிட்டபோது அண்ணி பழைய அளவுகளைச் சுவரிலிருந்து அழித்துவிட்டிருந்தார். டீச்சரின் தொண்டைக்குழியில் நூலின் நுனியை வைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பாபினைத் தொங்கவிட்டார். அது விழுந்த கோட்டிலிருந்து இடதுக்குத் தனியாக, வலதுக்குத் தனியாக அளந்தார். பிறகு, "போர்டுல எழுதற மாதிரி கையைத் தூக்கி நில்லுங்க" என்று சொல்லி, எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். சுவரில் ஒரே ஆளுக்கு இரண்டு வரிசையாக அளவு எழுதியது அன்றுதான்.

"பஞ்சு?" என்று கேட்டார் டீச்சர்.

"கிடையாது."

டீச்சர் அண்ணியைப் பார்த்தார். "சரி" என்றார்.

மேசைமேல் துணியை மடிக்காமல் விரித்தார் அண்ணி. முழுத் துணியும் அப்படி மல்லாந்து கிடந்ததைப் பார்க்க எனக்கே என்னவோ போல் இருந்தது. அண்ணி கத்தரியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வலதுக்கு ஒரு துண்டு. இடதுக்கு அதைவிடச் சின்னதாக, மார்பு தட்டையாக இருக்கிறபடியே ஒரு துண்டு. இடது அக்குளுக்குக் கீழே, கை தூக்கும்போது விரிந்து கொடுக்க ஒட்டுத் துண்டு. பட்டன் பட்டியை நூல் விழுந்த வழியிலேயே இறக்கினார். அது நடுவை விட்டு ஒதுங்கி, இடது பக்கமாக மெல்லிய வளைவில் போனது.

பட்டன் வைக்க வேண்டியது நான். சும்மா இருப்பேனா?

"அண்ணி, பட்டன் நடுவுல இல்லேன்னா பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"பாக்கறவங்க போடப்போறதில்ல. நீ வை."

வைத்தேன்.

டீச்சர் வந்து போட்டுக்கொண்டார். கண்ணாடி முன் நேராக நின்றார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. எதுவும் மறைந்திருக்கவில்லை. இடது பக்கம் தட்டையாக, இருக்கிறபடி இருந்தது, துணி அதன்மேல் சுருக்கமில்லாமல் படிந்திருந்தது. பட்டன்கள் தொண்டைக்குழியிலிருந்து அமைதியாக இறங்கின. டீச்சர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணி அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை.

அண்ணி ஒரு சாக்பீஸை நீட்டி, பச்சைச் சுவரைக் காட்டினார்.

"எழுதுங்க."

"என்ன எழுத?"

"வகுப்புல எழுதறத எழுதுங்க."

டீச்சர் முதலில் தோள் உயரத்தில், சின்ன எழுத்தில் ஏதோ எழுதினார். இடது கை பாதி தூரம் எழுந்தது. சட்டை அசையவில்லை. கை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. அவர் கொஞ்சம் மேலே எழுதினார். பிறகு தலைக்கு மேலே கையை நீட்டிப் பெரிய எழுத்தில் எழுதினார். எழுதிக்கொண்டே சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். யாருடைய இடுப்பளவையோ அழித்து இடம் செய்துகொண்டு அடுத்த வரியை ஆரம்பித்தார். அவருடைய குரல் திறந்துகொண்டது.

"ஒரு எண். அதை மூணால பெருக்கி ஏழு கூட்டினா இருபத்திரெண்டு வருது. அந்த எண் என்ன?" சட்டென்று திரும்பினார். "நீ சொல்லு."

இவ்வளவு நாள் என்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டிருந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று கேட்காதீர்கள்.

"ஏழு" என்றேன்.

"தப்பு. என்னைப் பாக்காத, போர்டைப் பாரு."

நான் போர்டைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இடுப்பில் ஊன்றி, தன் பாட்டுக்கு இருந்தது. பக்கத்தில் அண்ணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு, டீச்சர்" என்றேன்.

"சரி. உக்காரு."

உட்கார்ந்தேன். டீச்சர் திரும்பி அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தார். அண்ணி கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டி மேசைமேல் வைத்தார்.

"முடிஞ்சுது" என்றார். டீச்சர் காதில் அது விழவில்லை.